கூடாரக் கம்பளியில் ஒட்டிய காகிதம்

அட்-பாஷி ஊர் வேட்டைக்காரர் சங்கத்தின் சுடுகளத்தில் இலக்குகளுக்குப் பெர்மெத் என்பவள்தான் பொறுப்பு. போன இலையுதிர்காலப் போட்டியில் காற்று அவள் நட்ட காகித இலக்குகளைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. யார் எத்தனை புள்ளி என்று தெரியாமல் காசு சுண்டி முடிவுசெய்தார்கள். இந்த முறையும் அப்படி ஆனால் போட்டியைத் தங்கள் ஊருக்கே கொண்டுபோய்விடுவதாகக் கொச்கோர் அணித் தலைவர் சாத்தர் சொல்லியிருந்தார்.

பெர்மெத்தின் அக்கா கணவர் தொக்தோசுன், டிராக்டர் பழுது பார்ப்பவர், ஒரு பழைய கலப்பைத் தட்டோடு வந்தார். வட்டமான இரும்பு, நடுவில் குழிவு. இதை இலக்காக வைத்தால் காற்று தூக்காது, குண்டு பட்டால் டங்கென்று சத்தமும் கேட்கும் என்றார்.

குண்டு இரும்பில் பட்டுத் தெறிக்கும், அதனால்தான் வேண்டாம் என்றாள் பெர்மெத். ஆறிப்போன தேநீர்க் கிண்ணத்தை அவரிடம் நீட்டி, தட்டின் குழிவுக்குள் வேகமாக வீசச் சொன்னாள். வீசினார். தேநீர் குழிவில் வழுக்கிச் சுற்றி அவர் சட்டைக்கே திரும்பியது.

"குண்டுச் சிதறலும் இப்படித்தான் வரும் அத்தான். தேத்தண்ணின்னா துவைச்சுக்கலாம்."

"அப்போ தட்டைத் திருப்பி வைப்போம் கொழுந்தியா."

திருப்பினால் பக்கத்தில் நிற்பவர்மேல் தெறிக்கும். அதோடு இது அவ்வளவு கெட்டியில்லாத இரும்பு, குண்டு பட்ட இடமெல்லாம் பள்ளமாகும், அடுத்த குண்டு அந்தப் பள்ளத்தில் புகுந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. கெட்டியான, தட்டையான இரும்பைத் தரையைப் பார்த்துச் சாய்த்து, தள்ளி நின்று சுட்டால் சிதறல் மண்ணுக்குள் போகும். அந்த இரும்பு ஊரில் கிடைக்காது.

தொக்தோசுன் சட்டையைப் பிழிந்துகொண்டே போனார். திரும்பி வந்தபோது தோளில் பழைய கூடாரக் கம்பளி இருந்தது, ஆட்டுமுடியை நனைத்து மிதித்துச் செய்த தடித்த விரிப்பு. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, மண்மேட்டின் முன் நட்டு, ஏழு முறை சுட்டார். அருகே போய்ப் பார்த்தால் ஒரு தடயமும் இல்லை. முடி பின்னிக் கிடப்பதால் குண்டு போனதும் துளை மூடிக்கொள்கிறது.

"ஏழும் ஒரே ஓட்டையில போயிருக்கு," என்றார்.

"அந்த ஒரு ஓட்டையையாவது காட்டுங்க."

ஆனால் பெர்மெத்துக்கு வழி புலப்பட்டுவிட்டது. கம்பளி கிழியாது, துளையைக் காட்டாது. காகிதம் துளையைக் காட்டும், கிழியும். இரண்டையும் சேர்த்துவிட்டால்? மைதா கிளறிப் பசை காய்ச்சினாள். நான்கு மூலையில் மட்டும் தடவினால் இடுக்கில் காற்று புகுந்து தூக்கிவிடும் என்பதால் காகிதம் முழுக்கப் பூசி ஒட்டினாள். காய்ந்ததும் முரசுத்தோல் போல விறைத்து நின்றது.

போட்டியன்று தொப்பிகள் பறந்தன, தேநீர்க் கூடாரம் சாய்ந்தது, ஒரு காகிதம்கூட அசையவில்லை. துளைகளைச் சாத்தரே தொட்டுத் தொட்டு எண்ணினார். கொச்கோர் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வென்றது.

தொக்தோசுனுக்கு முகம் தொங்கிவிட்டது. இதற்கா இவ்வளவு பாடு என்று முணுமுணுத்தார்.

சாத்தர் ஒட்டிய காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை.

"அடுத்த வருஷமும் இங்கேயே வர்றோம் தங்கச்சி," என்றார். "எங்க ஊர்ல இப்படி ஒட்ட ஆளில்ல."