தூங்க வைக்கும் பாட்டு

என் அக்கா ஜெஸ்னா காய்ச்சலில் கிடந்தபோது, அவள் மாமியார் த்ரேசியம்மா "நடிக்கிறா" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. கடைசியில் தூக்கிக்கொண்டு ஓடியபோது உயிரில்லை. அந்த ஆத்திரத்தில் ஒரு பாட்டு எழுதினேன். கத்திப் பாடினால் பைத்தியம் என்பார்கள் என்று ஒரு கிட்டாரை மட்டும் வைத்து மெதுவாகப் பாடினேன். ஆலப்புழையில் இருக்கும் அந்தக் கிழவியின் காதில் அது விழ வேண்டும், அவள் கூனிக் குறுக வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

நேரில் போய் அவளைத் தட்டிக்கேட்க முடியாது. வாயைத் திறக்காமல் இருந்தால்தான் அக்கா மகள் நியாவை என் கண்ணில் காட்டுவார்கள்.

பாட்டைப் பதிவு செய்த டிட்டோ, கொச்சியில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். அவனே அதைப் பெரிய பாட்டுச் செயலி ஒன்றில் ஏற்றினான். யாருக்கு எதைக் கொடுப்பது என்று அங்கே முடிவு செய்வது அல்காரிதம். அந்த முண்டத்துக்கு வார்த்தை எங்கே புரியும்? தாலாட்டு என்று முடிவுகட்டி, குழந்தைகளைத் தூங்க வைக்கும் வரிசையில் சேர்த்துவிட்டது. லட்சக்கணக்கில் கேட்டார்கள். டிட்டோவுக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. அல்காரிதம் இல்லாத ஒரு திறந்த இணையதளத்திலும் பாட்டைப் போட்டேன். அங்கே கேட்டவர்கள்தான் ஒருவருக்கொருவர் பாட்டைக் கைமாற்றி விடுவார்கள். அது என்ன வகை என்று குறிப்பதும் அவர்களே. நாற்பது பேர் கேட்டிருந்தால் அதிகம். ஆனால் கோட்டயத்துப் பெண் ஒருத்தி அதன்கீழ் "கொலை" என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டு அழுதேன்.

செயலியிலிருந்து பாட்டை எடுத்துவிடச் சொன்னபோது டிட்டோ முறைத்தான்.

"நாப்பது பேருக்காக லட்சம் பேரை விரட்டுவியா? மூளை கழண்டுருச்சா ஷைனி உனக்கு?"

"அந்த லட்சம் பேர் கேக்கல. தூங்குறாங்க."

எடுக்க மாட்டேன் என்றான். அவன் முகத்திலேயே விழிக்கப் பிடிக்காமல் எழுந்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நியாவைப் பார்க்க ஆலப்புழைக்குப் போனேன். கிழவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன். போனில் என் குரல்.

யார் பாடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, வார்த்தையையும் அவள் கவனித்ததில்லை. போனில் அதுவாக வந்ததாம், தினமும் போடுகிறாளாம்.

"இதப் போட்டாத்தான் கொச்சுப்புள்ள கண்ண மூடும். என்ன சாந்தமா பாடுறா பாரு, நல்ல பொண்ணு."

அக்காவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட நான் இவளை இவ்வளவு வெறுத்ததில்லை. எட்டிப் போனை அணைத்தேன்.

"அம்மச்சி, இது நான் எழுதினது. ராகம் இல்லாம சொல்றேன், கேளுங்க."

முதல் வரி முடிவதற்குள் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அன்று அவள் சொன்ன "நடிக்கிறா" என்ற சொல்லும் அவள் பெயரும் அந்த வரியிலேயே இருக்கின்றன.

"கொச்சு முழிச்சுக்கும். மெதுவா பேசு," என்றாள்.

நான் மெதுவாகப் பேசவில்லை. கடைசி வரி வரை சொன்னேன். நியா வீறிட்டு அழுதாள். கிழவி அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைத் தாழிட்டாள். அதற்குப் பிறகு குழந்தையை நான் பார்க்கவில்லை.