எட்டு மணிக் கட்டம்

அறையில் இருந்தவர்கள்: டொக்டர் சசிக்குமார், நாங்கள் ‘மிஸ்’ என்று கூப்பிடும் பொறுப்பு நர்ஸ் கிருஷாந்தினி, நூருன்னிஸா உம்மா, அவருடைய மகன் றுஸ்தி, இரவு உதவியாளரான நான்.

மாத்தளையில் ஒரு முதியோர் இல்லம். றமழான் நோன்பின் ஏழாம் நாள் காலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் மதிப்பீட்டுப் படிவம் நிரப்புவோம். கடந்த ஏழு நாளில் எந்த மருந்தை எத்தனை நாள் எடுத்தார் என்று அதில் ஒரு கேள்வி. உம்மாவின் பிரஷர் குளிசைக்கு நேரே மிஸ், “ஏழு நாளும் மறுத்தார்” என்று எழுதியிருந்தார்.

“எட்டு மணிக்குக் கொண்டுபோனா வாய இறுக்கி மூடிக்கிறாங்க, டொக்டர்,” என்றார் மிஸ்.

“நோன்ப வெச்சிக்கிட்டு உங்கட குளிசையத் திங்கவா?” என்றார் உம்மா. “நோன்பு இல்லாட்டியும் இங்கத்தக் கஞ்சிக்கு நான் வாய மூடத்தான் செய்வன்.”

றுஸ்தி சிரித்தார். டொக்டர் பிரஷர் பார்த்தார். நூற்று முப்பதுக்கு எண்பது.

“குளிசை இல்லாமலே இவ்வளவு நல்லா இருக்கே. இனி இது வேணாம், நிப்பாட்டிருவோம்.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் றுஸ்தி.

உம்மா என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், சொல்லாதே என்று.

நடந்தது இதுதான். விடியுமுன் நோன்பு பிடிக்கச் சாப்பிடும் ஸஹர் சாப்பாட்டோடு அந்தக் குளிசையையும் தினமும் நான்தான் கொடுத்தேன். உதவியாளர் மருந்து கொடுக்கக் கூடாது. மருந்துத் தாளிலும் எட்டு மணிக்குத்தான் கட்டம் இருந்தது, நாலு மணிக்கு இல்லை. நான் எழுதவில்லை. மிஸ் கண்டதை எழுதினார். யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் தாளில் இருந்தது பொய்.

போன வருஷம் பிரஷர் கூடித்தான் உம்மாவின் இடது கை விழுந்தது. குளிசையை நிறுத்தினால் அடுத்தது எது விழும் என்று எனக்குத் தெரியாது.

“நிப்பாட்டாதீங்க, டொக்டர். அவங்க குளிசை குடிக்கிறாங்க. நான்தான் ஸஹருக்குக் குடுத்தேன்.”

“சும்மா கதைக்காத, தர்ஷிகா,” என்றார் மிஸ்.

“நோன்பு தொடங்கின அன்னிக்குத்தான் புதுக் குளிசை அட்டை பிரிச்சோம். எண்ணிப் பாருங்க, மிஸ்.”

பத்தில் மூன்று மிச்சம். மறுக்கிறவரின் அட்டையை யார் எண்ணுவார்கள்?

டொக்டர் அந்த வரியை வெட்டி, “ஏழு நாளும் எடுத்தார், அதிகாலை” என்று எழுதிக் கையெழுத்திட்டார். “நோன்பு முடியும்வரைக்கும் ஸஹர் நேரத்துலயே நர்ஸ் குடுக்கட்டும்,” என்றார்.

“பைத்தியக்காரப் புள்ள,” என்றார் உம்மா. “நான் வாய மூடிக்கிட்டுத்தானே இருந்தன்.”

“அதுதான் பிரச்சினையே, உம்மா,” என்றேன்.

மிஸ் என்னோடு கேட் வரை வந்தார். “மருந்துல கை வெச்ச ஆள நான் வேலையில வெச்சிக்க ஏலாது. நீ சொல்லாம இருந்திருந்தா அந்த மனுசி செத்திருக்கும். ரெண்டும் உண்மதான்.”

“தெரியும், மிஸ்.”

றோட்டில் இறங்கினேன். எனக்குப் பின்னால் மிஸ் கேட்டைச் சாத்திப் பூட்டினார்.