திரும்பி வந்த மூன்று லிட்டர்

விண்வெளிக்குப் போகிறவர்கள் அங்கேயே பயிர் செய்து சாப்பிட வேண்டும் என்று வடிவமைத்த அறை அது. ஒரு கட்டில், நாலு பக்கமும் செடிகள், ஒரு கண்ணாடிச் சன்னல். மண் என்ற பேச்சே இல்லை. அந்தரத்தில் தொங்கும் வேர்களுக்குப் பனிபோலத் தண்ணீர் தெளிக்கப்படும். இலை விடும் ஈரம், குளித்த தண்ணீர், நாலு பேர் முன்னால் சொல்லக் கூசும் தண்ணீர் எல்லாம் வடிகட்டித் தொட்டிக்கே திரும்பும். ஒரு சொட்டு உள்ளே வரக்கூடாது, வெளியே போகவும் கூடாது.

அதற்குள் எட்டு வாரம் அடைந்து கிடக்கச் சம்மதித்தவள் சின்னவள். வெளியே உட்கார்ந்து மீட்டர்களைப் பார்த்துக்கொண்டவள் அவளுடைய அக்கா, பெரியவள். "அக்கா வெளியில இருக்கும்போது எனக்கென்ன பயம்?" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். வேலியே பயிரை மேயும் என்று யார் கண்டார்கள்!

ஊரில் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் லாரி. இந்த அறை தேறினால் இதேபோல் நாற்பது கட்டி ஊருக்கே காய்கறி விளைவிப்பதாக நகராட்சி இன்ஜினியர் சொல்லியிருந்தார். ஆகவே திங்கள்தோறும் சின்னவள் தொட்டி, செடி, பறித்த காய், தன் உடம்பு என எல்லாவற்றையும் எடை போடுவாள். மொத்தம் மாறக்கூடாது. ஏழு வாரமும் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் அக்காளும் தங்கையும் கண்ணாடிக்கு இருபுறமும் நின்று கைதட்டினார்கள்.

எட்டாம் திங்கள் காலை பத்து மணிக்கு இன்ஜினியர் கையெழுத்துப் போட வருவதாக ஏற்பாடு. சின்னவளுக்குத்தான் பொறுமை கிடையாதே, ஞாயிறு மதியமே எடை போட்டுப் பார்த்துவிட்டாள். மூன்று லிட்டர் குறைந்தது. தராசைச் சோதித்தாள், சரியாகத்தான் இருந்தது. அக்காவை இப்போதே எதற்குக் கலங்கடிப்பது, காலையில் இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டாள்.

காலையில் போட்டால் பழைய எடையே வந்தது.

கசிந்த தண்ணீர் மனம் மாறித் திரும்பி வராது. வெளியிலிருந்து தொட்டிக்குப் போகும் ஒரே குழாய் பெரியவளின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. சின்னவள் தொலைபேசியை எடுத்தாள்.

"அக்கா, நேத்து தண்ணி ஊத்துனியா?"

கண்ணாடிக்கு அப்பால் பெரியவளின் முகம் செத்துப்போயிற்று. "கதவு ரப்பர்ல கசியுதுடி. மூணு லிட்டர்தானே."

"எப்போலேருந்து?"

"ரெண்டாவது வாரத்துலேருந்து. ஞாயித்துக்கிழமை நீ தூங்கினப்புறம்... சொன்னா முதல்லேருந்து ஆரம்பிக்கச் சொல்வாங்க. நீயே துரும்பா இளைச்சுக் கிடக்கே. உனக்காகத்தான்டி செஞ்சேன்."

தன்னோடு சேர்ந்து கைதட்டிய அந்தக் கைகளை நினைத்தபோது சின்னவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்நியன் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பாள். கூடப் பிறந்தவள் கழுத்தறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"நாப்பது அறை கட்டப் போறாங்கக்கா. அங்கெல்லாம் ஞாயித்துக்கிழமை யாரு வந்து ஊத்துவா?"

பெரியவள் பதில் சொல்வதற்குள் இன்ஜினியர் வந்துவிட்டார். சிரித்தபடி தொலைபேசியை வாங்கினார். "என்னம்மா, தண்ணி அப்படியே இருக்கா?"

அவருக்குப் பின்னால் பெரியவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது.

"இல்ல சார். வாரத்துக்கு மூணு லிட்டர் கசியுது. வெளியிலேருந்து ஊத்திச் சரிக்கட்டியிருக்கு."

சின்னவள் தொலைபேசியை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். ஐம்பத்தாறு நாளாயிற்று வெளிக்காற்றை மோந்து. பெரியவள் கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "சொந்த அக்காவையே காட்டிக் கொடுத்துட்டியேடி" என்றாள்.

சின்னவள் இன்ஜினியர் பக்கம் திரும்பினாள்.

"ரப்பரை மாத்திக் குடுங்க சார், மறுபடி முதல் நாள்லேருந்து உள்ள இருக்கேன். வெளியில உட்கார மட்டும் வேற ஆளைப் போடுங்க."