குத்தாத ஊசி

லிஃப்ட் பொருத்தும் வேலையில் அவன் கெட்டிக்காரன். ஒருநாள் காலுக்கடியில் பலகை சறுக்கி, லிஃப்ட் குழிக்குள் மல்லாக்க விழுந்தான். நடு முதுகில் எலும்பு நொறுங்கித் தண்டுவடம் நசுங்கிவிட்டது. அன்றைக்கே ஆபரேஷன் நடந்தது. கைகள் தப்பின. தொப்புளுக்குக் கீழே எதுவும் அவன் சொல்லைக் கேட்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, மனைவி உடம்பு துடைத்துவிடும்போது அவன் வலது கால் படக்கென்று உதைத்தது. துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வார்டில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். போனில் அண்ணனிடம் அழுதாள்.

"அண்ணே, கால் ஆடுது!"

டாக்டரம்மா வந்தார். "கண்ணை மூடிக்கோங்க. ஊசி முனை படறப்பல்லாம் 'ஆமா'ன்னு சொல்லுங்க."

அவன் கண்ணை மூடினான்.

"ஆமா," என்றான். சற்றுப் பொறுத்து, "ஆமா... இப்பவும்."

மனைவி டாக்டரம்மாவின் கையைப் பார்த்தாள். ஊசி இன்னும் உறைக்குள்ளேயே இருந்தது.

முழுசாகச் சோதித்து முடித்து வராந்தாவுக்கு வந்ததும் டாக்டரம்மா சொன்னார்: "தசை தானா இழுக்குதும்மா. மூளை சொல்லி ஆடல."

"சின்ன வயசு மேடம். உடனே ஆபரேஷன் பண்ணீங்க. ஒருநாள்கூடப் பயிற்சியை விட்டதில்ல. குடி, சிகரெட்டு எதுவும் கிடையாது."

"எல்லாம் நல்லதுதான். ஆனா அடி எவ்வளவு பலம்ங்கறது அத்தனையையும் முந்திக்குது. முதல்ல சோதிச்சப்ப ஆசனவாய்கிட்டயாவது துளி உணர்ச்சி இருந்திருந்தா நானே நம்பிக்கை சொல்லியிருப்பேன். அப்பவும் இல்ல. இப்பவும் இல்ல."

"அப்ப இந்தப் பயிற்சியெல்லாம் எதுக்கு?"

"கைக்குப் பலம் வேணும். படுக்கைப்புண் வரக்கூடாது. அதுக்குத்தான்."

அவள் கட்டிலுக்குத் திரும்பினாள். "எதுக்குங்க 'ஆமா'ன்னு சொன்னீங்க?"

"ஊரெல்லாம் சொல்லிட்டு வந்து நின்னியே. உன் முகத்தைப் பாத்துட்டு இல்லேன்னு சொல்ல வாய் வரல."

"என்கிட்டயே நடிப்பீங்களா?"

"வேற என்ன முடியுது என்னால?"

வீட்டுக்கு வந்தபோது சக்கர நாற்காலி குளியலறைக்குள் நுழையவில்லை. அவள் அண்ணன் கடப்பாரையோடு வந்தார்.

"கீல் பக்கமா நெம்புங்க மச்சான். சுவர் பேந்துடப் போவுது," என்று அவன் உட்கார்ந்தபடியே வழி சொன்னான். அந்தக் குரலில் பழைய அதட்டல் இருந்தது. கதவு போய், நிலையும் போனது. நிலை இருந்த இடத்தில் ஒரு திரையைத் தொங்கவிட்டார்கள்.

மனைவி அவன் உடைகளைக் கழற்றித் தண்ணீர் ஊற்றினாள். திரைக்கு அப்பால் மச்சான் தொண்டையைச் செருமி, டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அவள் காலுக்குச் சோப்பு போட்டுத் தேய்த்தாள். அவள் கை பட்டது அவனுக்குத் தெரியவில்லை; டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"போதும் விடு," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.