எஃப்-ஆறு விசையில் போன கல்யாணம்

ஆல்பம் என்று பெயரிட்ட போல்டரைத் திறந்தபோது மலர்விழிக்கு முதலில் கோபம் வரவில்லை. தவறான இடத்தைத் திறந்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். மூடிவிட்டு மறுபடி திறந்தாள். காலி. காலையிலிருந்து, கிள்ளானில் நடந்த யாழினி கல்யாணத்தின் படங்களில் நல்லவற்றைப் பொறுக்கி அதற்குள் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூட இல்லை. வேண்டாம் என்று கழித்தவை மட்டும் பத்திரமாக இருந்தன: கண்ணை மூடியவர்கள், வாயில் சோற்றோடு சிக்கியவர்கள், யாரோ ஒருவருடைய முதுகு.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த அவர்கள் ஸ்டூடியோவில் படம் எடுப்பது அண்ணன் திருச்செல்வத்தின் வேலை. பொறுக்கிச் சேர்ப்பது அவள் வேலை. மௌஸைப் பிடித்து இழுத்து இழுத்து மணிக்கட்டு வீங்கியதும், ஓப்பன் சோர்ஸ் ஃபைல் மேனேஜர் மென்பொருள் ஒன்றை இறக்கிப் போட்டுக்கொண்டாள். வேண்டிய வேலையை நாமே எழுதி, கீபோர்டில் வேண்டிய விசையில் வைத்துக்கொள்ள அது இடம் கொடுத்தது. எஃப்-ஆறை அமுக்கினால் படம் ஆல்பத்துக்குப் போகும். எஃப்-ஏழு என்றால் கழிவுக்கு. எதை அமுக்கினாலும் படம் திரையை விட்டு நகர்ந்து அடுத்தது வந்து நிற்கும்.

இன்றும் அப்படித்தான் நகர்ந்தன. எங்கே போயின?

அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். எஃப்-ஆறுக்கு நேரே அவள் எழுதி வைத்திருந்தது இல்லை. ‘வேகமா அழி’ என்று புதிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. கேட்காமல் கொள்ளாமல், குப்பைத் தொட்டிக்கும் அனுப்பாமல் அடியோடு அழிக்கிற கட்டளை.

அந்தக் கணினியைத் தொடுகிற ஆள் அவளை விட்டால் இன்னும் ஒருவன்தான். அழிந்த இடத்தின்மேல் வேறெதுவும் பதிந்துவிடக் கூடாதே என்று மின்சார வயரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

திருச்செல்வம் மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலங்களோடு உள்ளே வந்தான்.

“என் மெஷின்ல கை வச்சியா?” என்றாள் மலர்விழி.

“சண்டே அந்த ட்ரோன் வீடியோலாம் கிளியர் பண்ணேன் லா. ஒவ்வொண்ணுக்கும் ஷுவரா ஷுவரான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அதான் ஒரு ஷார்ட்கட் போட்டேன். ஏன்?”

“இந்தக் கீ ஏற்கெனவே வேற வேலைக்கு இருக்கு, மாத்தவான்னு அது கேட்டிருக்குமே?”

“என்னமோ கேட்டுச்சு. ஓகே குடுத்தேன்.”

“யாழினி கல்யாணம் போச்சுண்ணே. கேமரா கார்ட எடு.”

அவன் பொட்டலங்களை மேசையில் வைத்தான். “கார்ட ஃபோர்மெட் பண்ணி ரவாங்ல நடந்த கல்யாணத்துக்கு யூஸ் பண்ணிட்டேனே.”

“இன்னொரு காப்பி வைக்க டிஸ்க் வாங்குன்னு எத்தன தடவ சொன்னேன்?”

“அதுக்கு என்னைய ஏன் கத்துற? நானா அமுக்கினேன்? நீதானே அமுக்கின!”

வாயைத் திறந்தால் என்ன வரும் என்று மலர்விழிக்கே பயமாக இருந்தது. பொட்டலத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு, கணினியிலிருந்து வன்வட்டைக் கழற்ற உட்கார்ந்தாள்.

அதை வேறொரு கணினியில் மாட்டி, மீட்பு மென்பொருளை ஓடவிட்டாள். படங்கள் மெல்ல மெல்ல வந்தன. பெயர் இல்லை, வரிசை இல்லை, தாலி கட்டியதற்குப் பிறகு மாப்பிள்ளை அழைப்பு வந்தது. ஆனாலும் வந்தன. சில மட்டும் பாதிக்கு மேல் சாம்பல் பட்டையாக வந்து நின்றன.

அவள் அந்தப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் திருச்செல்வம் யாழினியின் அம்மாவோடு போனில் பேசுவது கேட்டது. “ஆமா ஆன்டி, வைரஸ்... நம்ம கையில என்ன இருக்கு... தங்கச்சிதான் பார்த்துக்குவா, அவளும் என்ன பண்ணுவா, தெரியாம ஏதோ...”

திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. கோபம் என்று அதுவரை நினைத்திருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மீட்ட படங்களை ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு, கிள்ளானுக்கு ரயில் ஏறினாள்.

பெண்ணின் அம்மா விசாலம் கதவைத் திறந்ததும், நின்ற இடத்திலேயே சொன்னாள். “ஆன்டி, வைரஸ் இல்ல. அண்ணன் கீயை மாத்தி வச்சிட்டாரு. எங்கிட்ட சொல்லல. நான் பார்க்காம அமுக்கிட்டேன். நெறைய வந்துருச்சு. சிலது வரல.”

விசாலம் பென்டிரைவை வாங்கி டிவியில் மாட்டிப் பார்த்தார். கடைசிவரை பார்த்தார். பிறகு கேட்டார். “எங்கண்ணன் எங்கம்மா?”

விசாலத்தின் அண்ணன், தைப்பிங் ஊரிலிருந்து வந்த மெய்யப்பன். பெற்றோரின் வீட்டை விற்ற தகராறில் தங்கையோடு பேச்சை நிறுத்தி, பல வருடம் கழித்து யாழினி கல்யாணத்துக்குத்தான் வந்திருந்தார். மண்டபத்தில் அண்ணனும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற படங்கள் சாம்பலாகிப் போனவற்றில் இருந்தன.

“அந்த ஒண்ணுக்காகத்தானே காத்துக்கிட்டிருந்தேன்!” விசாலத்தின் குரல் உடைந்து, உடனே உயர்ந்தது. “உன் அண்ணனை வரச் சொல்லு. இப்பவே வரச் சொல்லு. எங்கிட்ட பொய் சொன்னவன் என் மூஞ்சியைப் பார்த்துப் பேசட்டும்!”

திருச்செல்வம் வந்தான். வாசலிலேயே “ட்ராஃபிக் ஜாம் ஆன்டி” என்று ஆரம்பித்தான். விசாலம் பார்த்த பார்வையில் அது நின்றது. கூடத்தின் நடுவில் நின்றபடி, “நான்தான் மாத்தினேன் ஆன்டி. தங்கச்சிக்குத் தெரியாது,” என்றான்.

“அப்ப ஏன் அவ தலையில கட்டின?”

விசாலம் அவனை விடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி திட்டித் தீர்த்தார். அப்புறம் அவன் எதிரிலேயே தைப்பிங்குக்குப் போன் போட்டார். “அண்ணே, கல்யாணத்துக்குப் போட்ட அதே சட்டையோட வாங்க. ஏன்னு வந்தப்புறம் சொல்றேன்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் திருச்செல்வம் விளக்குகளைத் தூக்கி நிறுத்தினான். விசாலம் பட்டுச் சேலையில் வந்து நின்றார். மெய்யப்பன் தங்கையின் கையைப் பிடித்துக்கொள்ளக் கூச்சப்பட்டார். விசாலம் சண்டை போட்டுத்தான் பிடிக்க வைக்க வேண்டியிருந்தது. கேமராவை அண்ணனிடம் கொடுக்காமல் மலர்விழியே படம் எடுத்தாள். மண்டபத்துப் படம் போல இது வரவில்லை. விசாலத்துக்கும் அது தெரிந்தது. இருந்தும் கேமராவை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

திரும்பும்போது காரில் திருச்செல்வம் தொண்டையைச் செருமினான். “எல்லாம் சரியாயிருச்சில்ல? வழியில எங்கயாவது சாப்பிட்டுப் போலாமா?”

“ரயில் ஸ்டேஷன்ல இறக்கி விடு,” என்றாள் மலர்விழி. “நான் ட்ரேன்ல போறேன்.”