மோகன்குமாரின் வலது காது

பத்தொன்பது வயதில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியோடு வடக்கே போன மோகன்குமார், நாற்பதை நெருங்கும் வயதில் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலிருக்கும் தன் ஊருக்கே திரும்பி வந்தான். சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் பூமியைத் துளைத்த காலமெல்லாம் கம்ப்ரசர் அவனுக்கு வலப்புறத்திலேயே இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சல் வலது காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. கடைசியில் துளையில் இறக்கும் இரும்பு ராடு ஒன்று சரிந்து முழங்காலும் கெட்டது. அவன் கால் விந்தி நடப்பதை ஊரே பார்த்தது. காது போனது மனைவி சௌந்தர்யாவுக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தால் பெயருக்கு முன்னால் ‘செவிட்டு’ என்று ஒட்டிவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அறக்கட்டளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாலை மையம் தொடங்கியது. பள்ளி விட்டதும் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுத்து, பாடம் சொல்லி, விளையாட விட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒருங்கிணைப்பாளராக உள்ளூர் ஆள் தேடினார்கள். பன்னிரண்டாவது தேறியிருந்த மோகன்குமார் தயங்கித் தயங்கித்தான் போனான். ஊரில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் போர் வண்டியில் இருந்தார்கள். “எங்கப்பா ஜெய்ப்பூர்ல இருக்காருங்க சார், அது எங்கீங்க சார்?” என்று முதல் நாளே ஒரு பையன் கேட்டான். அங்கே வெயில் எப்படி அடிக்கும், ரொட்டிக்கு என்ன தொட்டுக்கொள்வார்கள் என்று மோகன்குமார் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அந்த வேலை அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

பிடிக்காதது மாதமொருமுறை திருச்செங்கோட்டில் நடந்த பயிற்சிதான். சுற்று வட்டார மையங்களின் ஒருங்கிணைப்பாளர்கள் எல்லாரும் வருவார்கள். சேலத்திலிருந்து வரும் ரஞ்சிதா பயிற்சி கொடுப்பாள். நல்ல பெண்; ஆனால் பலகையில் எழுதிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே பேசுவாள். மின்விசிறிச் சத்தத்தில் மோகன்குமாருக்குப் பாதிதான் காதில் விழும். மற்றவர்கள் சிரித்தால் அவனும் சிரிப்பான். அவர்கள் தலையாட்டினால் அவனும் ஆட்டுவான்.

ஐப்பசியில் ஒருநாள் மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் உட்கார்ந்த பையனுக்கு மோகன்குமார் வகுத்தல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். திடீரென்று பிள்ளைகள் சிரித்தார்கள். திரும்பினான். வலப்பக்கத்தில் இரண்டாம் வகுப்பு அபிநயா நின்றிருந்தாள். பாவாடை நனைந்து, காலடியில் ஈரம் படர்ந்திருந்தது. அவன் எழுவதற்குள் பையைக்கூட எடுக்காமல் மழையில் ஓடிவிட்டாள்.

“ஒண்ணுக்குப் போகோணும்னு உங்களக் கூப்புட்டுக்கிட்டே நின்னாளுங்க சார். நீங்க திரும்பவே இல்ல” என்றான் ஒருவன்.

சொல்லாமல் யாரும் வெளியே போகக் கூடாது என்பது மோகன்குமாரே போட்ட சட்டம். வாசலை ஒட்டினாற்போல் லாரி போகும் ரோடு. அந்தக் குழந்தை சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நின்றிருக்கிறாள்.

மழை விட்டதும் அபிநயாவின் அம்மா கயல்விழி வந்தாள். அப்பா போர் வண்டியோடு வடக்கே இருந்தார். “ஏனுங்க, பொம்பளப் புள்ள பக்கத்துல நின்னு கூப்புடுது. ஒரு வார்த்தை பதில் சொல்றதுக்கு என்னங்க?”

“கவனிக்கலீங்க” என்றான் அவன்.

அவள் மகளின் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ‘கவனிக்கல’ என்ற சொல் அவனை அன்றிரவு தூங்கவிடவில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அபிநயா வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் உட்காரும் இடத்தில் வேறு யாரையும் அவன் உட்காரவிடவில்லை.

சனிக்கிழமைப் பயிற்சிக்கு மையத்தின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். மற்றவர்கள் வருவதற்கு முன்பே ரஞ்சிதாவிடம் நீட்டினான்.

“வேற ஆளப் பாத்துக்குங்க மேடம்.”

“என்னாச்சுங்க மோகன்?”

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தான். ஆனால் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள். மழை, அபிநயா, காது, கம்ப்ரசர் எல்லாம் வந்துவிட்டன.

“அப்ப இத்தனை மாசமா நான் சொன்னதெல்லாம்?” என்றாள் ரஞ்சிதா.

“பாதி கேட்டுச்சுங்க மேடம். மீதிக்குப் பக்கத்துல இருக்கறவங்களப் பாத்துச் சிரிச்சுக்குவேன்.”

அவள் சிரிக்கவில்லை. “எங்க நின்னு பேசினா உங்களுக்குக் கேக்கும்னு ஒரு நாளாவது நான் கேட்டிருக்கணும். உங்களுக்கெல்லாம் உதவியா இருக்கறதுதான் என் வேலை. நான் பாட்டுக்கு பலகையோட பேசிட்டிருந்திருக்கேன்” என்றாள். சாவியை அவள் தொடவில்லை. “இத மத்தவங்ககிட்டச் சொல்லலாமா? உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்.”

நீட்டிய சாவியை அவன் மறுபடி சட்டைப் பையில் போட்டான். “நானே சொல்றேனுங்க.”

எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் எழுந்து நின்று சொன்னான். பக்கத்து ஊர் மையத்தைப் பார்க்கும் மதுமதி முதலில் வாயைத் திறந்தாள். “எனக்குப் பின்னக் கணக்கு வராதுங்ண்ணா. புள்ளைங்க கேட்டா, நாளைக்கிச் சொல்றேன்னு போயிருவேன். யாருகிட்டயாச்சும் கேட்டா, இவ வேலைக்கி ஆகமாட்டான்னு சொல்லிருவாங்களோன்னு பயம்.” சுவரோரம் உட்கார்ந்திருந்த இன்னொருத்தி, பெரிய பையன்கள் எதிர்த்துப் பேசினால் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வருவதாகச் சொன்னாள். அவளுக்குச் சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவளருகே போனார்கள்.

ரஞ்சிதா அன்றைய பாடத்தை மூடி வைத்தாள். நாற்காலிகள் வட்டமாயின, மின்விசிறி நின்றது. மோகன்குமாரின் வகுப்பறையைத் தரையில் சாக்கட்டியால் வரைந்தார்கள். கதவு இடப்பக்கம் வரும்படி அவன் எங்கே உட்காருவது, பிள்ளைகள் எந்தப் பக்கமாக வருவது என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒண்ணுக்குப் போக வாய் திறந்து கேட்கவே வேண்டாம், கதவோரம் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, போகிற பிள்ளை துணைக்கு ஒருவரோடு அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகட்டும் என்றாள் மதுமதி. அவன் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால், அதற்கு ஈடாகப் புதன்கிழமைதோறும் அவன் மையத்துக்கு வந்து உடனிருப்பதாகவும் சொன்னாள். காது மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்வதாக ரஞ்சிதா சொன்னாள். காதுக் கருவிக்கு மட்டும் கேட்டுப் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்க முடியாது என்றாள். கிளம்பும்போது மோகன்குமார் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். சாவி அங்கேயே இருந்தது.

பஸ் இறங்கி நேராக அபிநயாவின் வீட்டுக்குப் போனான். கயல்விழி முகத்தை இறுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் அபிநயா எட்டிப் பார்த்தாள். மோகன்குமார் கெட்ட காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தான். அப்போதுதான் அபிநயாவின் முகம் அவன் கண்ணுக்கு நேராக வந்தது.

“சாருக்கு இந்தக் காது கேக்காது அம்மிணி. நீ கூப்புட்டது எனக்குக் கேக்கவே இல்ல. யாருகிட்டயும் சொல்லாம மறச்சு வெச்சிருந்தேன். தப்பு என்னுதுதான் சாமி.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே” என்றாள் கயல்விழி. குரல் தணிந்துவிட்டது. “உள்ள வாங்க. ஊட்டுக்குள்ள வந்து உக்காருங்க, தண்ணி குடிங்க.”

அபிநயா நம்பவில்லை. மெல்ல வந்து அவன் வலது காதில் வாயை வைத்து எதையோ சொன்னாள்.

“ஒண்ணுமே கேக்கல” என்றான்.

இன்னும் நீளமாக எதையோ சொன்னாள். மூச்சின் சூடு மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. “நெசமாவே கேக்கல சாமி.” அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ன சொன்னாள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை அபிநயா மையத்துக்கு வந்தாள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, “சாருக்கு அந்தப் பக்கம் கேக்காது, இந்தப் பக்கம் வா” என்று கைபிடித்துக் காட்டுவது அவள் வேலையாயிற்று. அதோடு இன்னொன்றும் நடந்தது. யாரிடமும் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் அவனுடைய வலது காதில் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். அவன் அசையாமல் உட்கார்ந்திருப்பான். சொல்லி முடித்ததும், “இந்தப் பக்கமும் சொல்லலாம், சாமி. உனக்குத் தோணுறப்பச் சொல்லு” என்று இடது காதைத் தொட்டுக் காட்டுவான். அவர்கள் தலையாட்டிவிட்டு ஓடிவிடுவார்கள்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் அபிநயா வழக்கம்போல் வலப்பக்கம் வந்து நின்றாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவன் முதுகைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள்.

“அப்பா பொங்கலுக்கும் வர்லியாமுங்க சார். அம்மா சமையக்கட்டுல அழுவுறாங்க.”

மோகன்குமார் கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தான். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினான்.

“கேட்டுச்சு சாமி” என்றான்.