நிமிஷத்துக்கு ஒரு சொட்டு

தானியேலின் மோட்டார் சைக்கிளில் செயினுக்கு மேலே ஒரு பித்தளைக் கிண்ணம் இருந்தது. அவர் ஃபிட்டராக இருந்த ஆம்பூர் தோல் டேனரியில் பழைய இயந்திரம் ஒன்றை உடைத்தபோது கழற்றிக்கொண்டு வந்தது. எண்ணெய் ஊற்றி, அடியிலிருக்கும் திருகைத் திறந்துவிட்டால் குழாய் வழியாகச் செயினில் தானாகச் சொட்டும். அதிகமானால் பின்சக்கரம் வழுக்கும். குறைந்தால் செயின் காயும். அளவு பிடிபட ஒரு ஞாயிறு முழுக்கத் தேவைப்பட்டது. அவர் திருக, மகள் அமிர்தவள்ளி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

"நிமிஷத்துக்கு ஒண்ணுப்பா. இதுக்கு மேல கைய வெச்சே, நான் எழுந்து போய்ட்றேன்."

வண்டியை நிறுத்தியதும் திருகை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் நின்ற இடத்திலும் சொட்டும்.

அடுத்த ஆண்டு அமிர்தவள்ளி, குடியாத்தத்துத் தறிக்கார வீட்டு லோகநாதனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். தானியேல் அவள் பெயரைச் சொல்வதை விட்டார்.

எட்டு மாதம் கழித்து, மகளைப் பார்த்துவிட்டு வந்த எல்லம்மா கணவரிடம் சிரித்தபடி கேட்டாள்:

"ஞாயித்துக்கிழமை ஆனா எங்கய்யா போற?"

"ஒரு தோஸ்த்தைப் பார்க்க."

"உன் தோஸ்த் தெருமுனையில, வேலிக்குப் பின்னால எண்ணெய் கெடக்குதாம். ஒரு வாரம் இட்லி அளவு, ஒரு வாரம் தோசை அளவு. வேற யாரு வண்டி நின்ன எடத்துல ஒழுகும்? அப்பாவ உள்ள வரச் சொல்லும்மான்னா."

வேறெங்கும் திருகை மூட மறக்காதவர் தானியேல். அவமானத்தில் காது சூடானது.

"இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்," என்றார். அன்றே திருகை இறுக மூடினார். பிறகு ஓட்டும்போதுகூடத் திறக்கவில்லை.

ஆனாலும் போனார். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் போனார். இன்று கூப்பிட்டுவிடலாம் என்றுதான் கிளம்புவார். அவள் குடத்தோடு குழாயடிக்கு வருவதை வேலி இடுக்கில் பார்ப்பார், திரும்பிவிடுவார். செயினுக்குக் கையால் எண்ணெய் விடும் பழக்கம் எப்போதோ போயிருந்தது. ஐப்பசி மழையில் அது துருவேறிக் கத்தியது. சத்தம் அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று ஊருக்கு வெளியிலேயே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

கார்த்திகையில் லோகநாதனுக்குப் பம்பாய்ப் பக்கம் பிவண்டியில் விசைத்தறி வேலை கிடைத்தது. அவனையும் மகளையும் வழியனுப்ப எல்லம்மா முதல் பஸ்ஸிலேயே கிளம்பினாள்.

"பதினோரு மணிக்கு ரயிலு. வந்து ஒரு வார்த்தை பேசு. அப்புறம் எப்பப் பார்ப்பியோ."

தானியேல் சலவை வேட்டி கட்டி, ஒன்பதரைக்கு வண்டியை எடுத்தார். மகளிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். மாதனூர் தாண்டியதும் செயின் அறுந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டது.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். மூச்சு முட்டியதும் நடந்தார். தோல் ஏற்றிப்போன மாட்டுவண்டி ஒன்று அவரை ஏற்றிக்கொண்டது. மாடுகளுக்கு அவசரமில்லை.

குடியாத்தம் ஸ்டேஷனில் எல்லம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"போய்ட்டா. ரயிலு நகர்ற வரைக்கும் கீழதான் நின்னா. 'அப்பாவுக்குக் கோவம் ஜாஸ்தியாயிடுச்சு, தெருமுனைக்கு வர்றதைக்கூட நிறுத்திட்டாரும்மா'ன்னு அழுதா."

"எல்லா வாரமும் போனேன்," என்றார் தானியேல்.

"இன்னாய்யா சொல்ற?"

"போன வாரம்கூட. பச்சைப் புடவை கட்டியிருந்தா. குடத்தை இடுப்புல வைக்காம கையிலயே தூக்கிக்கினு போனா. எல்லம்மா, அவ மாசமா இருக்காளா?"

எல்லம்மா பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"அஞ்சாவது மாசம். அப்பாகிட்ட நான்தான் சொல்லுவேன், நீ வாயத் தொறக்காதேன்னு சொல்லி வெச்சிருந்தா."